வளையாத கத்தி

அத்தியாயம் 1

திருட்டுப் போன கத்தியைத் தேடி வந்தவர்களின் கையில், முதல் வேலையாக ஒரு கத்தியைக் கொடுத்தார்கள்.

டிஸ்மாஸுக்கு அங்கேயே எரிச்சல் ஏறிவிட்டது. ஹோமா பே ஊரிலிருந்து ஏரியோரத்துக் கமோலோ கரை வரைக்கும், முதலாளியம்மாவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, பள்ளத்தில் விழுந்து மேட்டில் எழுந்து மோட்டார் பைக் ஓட்டி வந்திருக்கிறான். வயிறு காய்ந்த சுரைக்குடுக்கை. வந்து இறங்கியவனை டீ குடிக்கிறாயா என்று கேட்க ஒரு நாதியில்லை. மீன் வெட்டுகிற கொட்டகை வாசலில், மரம் மாதிரி வளர்ந்த ஒரு வாலிபன் கண் கலங்க நின்றுகொண்டு, பளபளக்கும் கத்தி ஒன்றை நீட்டி, "எனக்கு நடந்த அநியாயம் இதுதான் மேடம்" என்கிறான்.

"இந்த மாதிரி அநியாயத்துல ஒண்ணு எங்க வீட்டுக்கும் அனுப்பச் சொல்லு. புதுசா இருக்குல்ல," என்றான் டிஸ்மாஸ்.

அஜ்வாங் மேடம் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹோமா பேயில், முடிவெட்டும் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறவர் அவர். காணாமல் போன ஆட்டையும் கண்டுபிடிப்பார், காணாமல் போன புருஷனையும் கண்டுபிடிப்பார். ஆட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தால்தான் ஜனங்கள் அதிகம் சந்தோஷப்படுகிறார்கள் என்பது டிஸ்மாஸின் அனுபவம். மேடம் குட்டையாக, கனமாக, அவசரமே இல்லாமல் நடப்பார். மூளை மட்டும் முன்கூட்டியே போய்ச் சேர்ந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்.

வாலிபனின் பெயர் ஒகேச். ஓட்டல்களுக்காக ம்புதா என்கிற பெரிய ஏரி மீனின் சதையை முள்ளில்லாமல் சீவித் தருவது அவன் தொழில். நேற்று சாயங்காலம் தன் பழைய கத்தியைக் கழுவி உறையில் செருகி ஆணியில் மாட்டினான். இன்று விடிந்ததும் உறையிலிருந்து உருவினால், வந்தது வேறு கத்தி. அதாவது, திருடன் பழையதை எடுத்துக்கொண்டு புதியதை வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"அந்தத் திருடன் விலாசம் கிடைச்சா சொல்லுங்க. நான் என் பழைய பேண்ட்டை வாசல்ல தொங்க விடறேன்," என்றான் டிஸ்மாஸ்.

"டிஸ்மாஸ், வாயைக் கொஞ்சம் உறையில போடு," என்றார் மேடம். "ஒகேச், உன் கத்தி எப்படி இருக்கும்? சொல்லு."

ஒகேச் சொல்ல ஆரம்பித்தான். சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது. பெண்டாட்டியை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தவிக்கிற புதுமாப்பிள்ளை கூட இப்படி உருக மாட்டான். அந்தக் கத்தியைத் தேர்ந்தெடுக்க அவன் சந்தை சந்தையாக அலைந்தானாம். பார்க்கிற கத்தியை எல்லாம் முனையைப் பலகையில் ஊன்றி அழுத்திப் பார்ப்பானாம். வளைந்தால் நிற்பான், வளையாவிட்டால் அடுத்த கடை. கத்திக்காரர்கள் அவனைக் கண்டாலே துணியைப் போட்டுச் சரக்கை மூடினார்களாம். கடைசியில் கிடைத்ததுதான் இது. நாணல் தட்டை மாதிரி மெல்லிசு. விலா எலும்பின் மேட்டில் ஏறும்போது வளைந்து ஏறும், பள்ளத்தில் இறங்கும்போது வளைந்து இறங்கும், ஒரு துளி சதையை முள்ளில் விடாது. ஈரக் கையில் வழுக்காமல் இருக்க, பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருந்தானாம்.

"இதைப் பாருங்க," என்று புதுக்கத்தியைப் பலகையில் ஊன்றி, தன் உடம்பு பாரத்தை எல்லாம் அதன்மேல் போட்டான். பலகைதான் முனகியது. கத்தி ஹெட்மாஸ்டர் மாதிரி விறைப்பாக நின்றது.

"சரி, இன்னொண்ணு வாங்கிக்கப்பா. கத்திக்கா பஞ்சம்?" என்றான் டிஸ்மாஸ்.

அதற்குத்தான் நேரமில்லை. இன்று மதியம் கிசுமுவிலிருந்து ஒரு மீன் கம்பெனி வண்டி வருகிறது. இந்தக் கரையிலேயே பெரிய கொட்டகை போடப் போகிறார்கள். தலைமை வெட்டுக்காரன் ஒருவன் வேண்டும். ஒகேச்சும், ஒலாங் என்கிற இன்னொரு வெட்டுக்காரனும் ஆளுக்கு மூன்று மீன் வெட்டிக் காட்ட வேண்டும். யார் முள்ளில் சதை குறைவாக மிஞ்சுகிறதோ அவனுக்கு வேலை. வேலை கிடைத்தால் அவன் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற அகேயோ கிடைப்பாள். கிடைக்காவிட்டால் அவளும் இல்லை. மாதச் சம்பளக்காரனுக்குத்தான் பெண் என்று அவளுடைய மாமன்மார்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"அந்தப் பொண்ணு இல்லாம நான் எப்படி மேடம்..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. டிஸ்மாஸ் நாக்கு நுனி வரைக்கும் வந்த ஜோக்கை விழுங்கிவிட்டான்.

மேடம் புதுக்கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அலகின் ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம், பிசின் பிசினாக. யாரோ நகத்தால் எதையோ சுரண்டி எடுத்திருக்கிறார்கள். பிடியை முகர்ந்தார். பிறகு டிஸ்மாஸின் மூக்கருகே நீட்டினார்.

"பொரிக்கிற எண்ணெய்," என்றான் டிஸ்மாஸ். பசித்தவன் மூக்கு பொய் சொல்லாது.

"நேத்து சாயங்காலம் கொட்டகைக்கு யார் வந்தா?"

யாரும் வரவில்லை என்றான் ஒகேச். பிறகு, முள்ளுக்காரப் பெண்கள்தான் வந்திருப்பார்கள், அவர்கள் தினமும் வருகிறவர்கள்தானே என்றான். சதை சீவியபின் மிஞ்சுகிற தலையையும் நடுமுள்ளையும் 'திறந்த முதுகு' என்பார்கள் அந்தக் கரையில். அதை அள்ளிக்கொண்டு போய்ப் பொரித்து விற்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர், கரையோரம் வரிசையாகத் தகரக் கடை போட்டிருந்தார்கள்.

"அவங்க வரும்போது நீ எங்க இருந்தே?"

"ஏரியில குளிச்சுக்கிட்டு இருந்தேன்."

"தினமுமா?"

"தினமும்தான்," என்று ஒகேச் நெளிந்தான். "அவங்கள்ல ஒருத்தர் மின் அகேயோ."

டிஸ்மாஸ் பக்கென்று சிரித்துவிட்டான். மின் அகேயோ என்றால் அகேயோவின் அம்மா. பெண் வீட்டுக்குப் போய்ச் சம்மதம் கேட்கும் சடங்கு முடிந்த அன்றே ஒகேச் அவளுக்கு மாப்பிள்ளை ஆகிவிட்டான். மாப்பிள்ளை மாமியாரின் முகத்தைப் பார்க்கலாமா, எதிரே நின்று பேசலாமா, முகத்துக்கு நேரே கைக்குக் கை எதையாவது வாங்கலாமா? லுவோ இனத்து வீட்டில் பிறந்தவன் எவனும் செய்ய மாட்டான். ஒரே கரையில் பிழைக்கிற இருவருக்கும் இது என்ன பாடு என்று யோசித்தாலே போதும். அவள் வடக்கே வந்தால் இவன் தெற்கே ஓடுவான். அவள் படகுப் பக்கம் வந்தால் இவன் ஏரிக்குள் முங்குவான். நெருப்பும் வைக்கோலும் கூட இத்தனை மரியாதையாக விலகிப் பழகியதில்லை.

முதலில் ஒலாங்கைப் பார்த்தார்கள். கறுத்த, சிரித்த முகம். தன் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டிருந்தான். ஒகேச்சின் கத்தி தனக்கு எதற்கு என்று கேட்டான். தான் இடது கைக்காரனாம்; டியூப் சுற்றிய பிடி வலது கைக்குப் பழகினதாம், கட்டை விரலுக்கு அதில் பள்ளமே விழுந்திருக்குமாம். அது மட்டுமில்லை, இரும்பு உலக்கை மாதிரி இருக்கிற அந்தப் புதுக்கத்தியோடு வெட்டுகிறவனை ஜெயித்து என்ன பெருமை, ஊர் வாய் தன்னைத்தான் மெல்லும் என்றான். சொல்கிற விதத்தில் டிஸ்மாஸுக்கே அவன் மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

வெளியே வந்ததும் டிஸ்மாஸ் தன் கண்டுபிடிப்பை அவிழ்த்துவிட்டான். "மேடம், வேலை முள்ளுக்காரிகளோடது. ஒகேச் வெட்டினா முள்ளுல ஒண்ணும் மிஞ்சாது. ஒண்ணும் மிஞ்சாட்டி அவங்க எதைப் பொரிப்பாங்க? நல்ல கத்தியைத் தூக்கிட்டு மொக்கைக் கத்தியை வச்சா, முள்ளு நிறைய சதை. கத்தியில எண்ணெய் வாசனை வேற. கேஸ் முடிஞ்சது, சாப்பிடப் போலாமா?"

"நல்ல யோசனைதான்," என்றார் மேடம்.

டிஸ்மாஸுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"சாப்பிடற யோசனையைச் சொன்னேன். வா."

மின் அகேயோவின் கடைதான் வரிசையில் பெரியது. அவளும் அப்படித்தான், தோளில் இரண்டு பேரை உட்கார வைக்கலாம். இன்று கடைகளில் கல்யாணக் களை. விடிந்ததும் ஒகேச் புதுக்கத்தியோடு போராடி முடித்த ஓட்டல் சரக்கின் முள்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றிலும் கை கொள்ளாத சதை. கடவுள் கண் திறந்துவிட்டார் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். மின் அகேயோ, கடவுள் என் மாப்பிள்ளைக்கு வேலை கிடைக்கப் போவதற்கு முன்கூட்டியே சகுனம் காட்டுகிறார் என்றாள்.

டிஸ்மாஸின் முன்னால் மக்காச்சோளக் களி, பொரித்த முள், ஒரு குவியல் சுகுமா கீரை வந்தது. முள்ளை ஒரு கை பார்த்தான். களியை உருட்டிக் குழி செய்து கீரையை அள்ளினான். கீரை வரவில்லை. மறுபடி அள்ளினான். நழுவியது.

"இது கீரையா, யாரோட தலைமுடியா?" என்றான். "இத்தனை மெல்லிசா சீவினா விரலுக்கு எப்படி அகப்படும்? பேன் சீப்பு இருந்தா குடுங்க, வாரி சாப்பிடறேன்."

மேடம் தட்டை அருகே இழுத்துப் பார்த்தார். ஒரு இழையைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. கஷ்டகாலம், மேடம் மூளை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது, இனி நம்மைச் சாப்பிட விடமாட்டார் என்று டிஸ்மாஸுக்குப் புரிந்தது.

"டிஸ்மாஸ், கத்தியில சுரண்டின அடையாளம் பாத்தியே. அங்க என்ன ஒட்டியிருந்திருக்கும்?"

"விலைச் சீட்டு."

"திருடன் விலைச் சீட்டைச் சுரண்டுவானா?"

டிஸ்மாஸ் மெல்லுவதை நிறுத்தினான். "மாட்டான்."

"யார் சுரண்டுவா?"

"பரிசு குடுக்கிறவங்க." சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. "ஆனா மேடம், பரிசுன்னா கையில குடுத்து ஒரு வாழ்த்துச் சொல்ல வேண்டியதுதானே? எதுக்குத் திருடன் மாதிரி வந்து வைக்கணும்?"

"கையில குடுக்க முடியாதவங்க யாரு?"

டிஸ்மாஸின் பார்வை அடுப்பருகே போனது. மின் அகேயோ இன்னொரு கட்டுக் கீரையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மெல்லிசான ஒரு கத்தியால் சரசரவென்று சீவிக்கொண்டிருந்தாள். கத்தியின் பிடியில் சைக்கிள் டியூப்.

கேட்டதும் அவள் மறைக்கவே இல்லை. பெருமையாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலை மட்டும் தாழ்த்திச் சொன்னாள். மாப்பிள்ளை தேய்ந்துபோன இந்தக் குச்சியை வைத்துக்கொண்டு கம்பெனிக்காரன் முன்னால் நிற்பதா? பார்க்கிறவர்கள் அகேயோவின் அம்மா ஒரு பரதேசிக்குப் பெண் கொடுக்கிறாள் என்று நினைக்க மாட்டார்களா? அதனால் சந்தைக்குப் போய்த் தானே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாளாம். ஒவ்வொரு கத்தியாகக் கையில் தூக்கி எடை பார்த்தாளாம். மாட்டு எலும்பு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கடைக்காரன் பலகையிலேயே வெட்டிப் பார்த்தாளாம். எலும்பு இரண்டாகப் பிளந்ததும், இதுதான் என் மாப்பிள்ளைக்கு என்று முடிவு செய்தாளாம்.

"அவருக்குப் பிடிச்சிருக்கா, பொண்ணே?" என்று மேடத்திடம் கேட்டாள். "என்ன சொன்னாரு?"

டிஸ்மாஸ் வாயைத் திறந்தான். மேடம் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தார்.

"அழுதுட்டாரு," என்றார் மேடம்.

மின் அகேயோ முந்தானைத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பழைய கத்தியைத் திருப்பித் தர முடியுமா என்று மேடம் பட்டும்படாமலும் கேட்டதற்கு, அது எதற்கு இனி அவருக்கு என்றாள். அவர் அதைக் கேட்டால், நான் கொடுத்ததை வேண்டாம் என்கிறார் என்றல்லவா அர்த்தம் என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்று, கண்ணில் ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. மேடம் சும்மாதான் கேட்டேன் என்று எழுந்துவிட்டார்.

கடைக்கு வெளியே டிஸ்மாஸ் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். "திருடனைக் கண்டுபிடிச்சாச்சு. திருட்டுச் சாமானைப் பாத்தாச்சு. ஆனா எடுக்க முடியாது. மேடம், நம்ம ஆபீஸ்லயே இதுதான் முதல் தடவை."

"இனிமேதான் கஷ்டமே இருக்கு," என்றார் மேடம்.

கஷ்டம் ஒகேச்சின் முகத்தில் தெரிந்தது. விஷயத்தைக் கேட்டதும் பூமியில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை நேரம் அவன் அந்தக் கத்தியைத் திட்டாத திட்டு இல்லை. ஒரு முறை எட்டி உதைத்தும் இருக்கிறான். இப்போது அதை எடுத்துச் சட்டையால் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டான்.

"அப்போ இதாலதான் வெட்டணும்," என்றான்.

"இதால வெட்டினா தோத்துடுவ."

"தெரியும் மேடம். ஆனா அவங்க குடுத்ததை வச்சுட்டு வேற கத்தியை எடுத்தா, அந்த வீட்டு வாசலை நான் எந்த மூஞ்சியோட மிதிப்பேன்? தோத்தா மாமன்மாருங்க பொண்ணு தர மாட்டாங்க. இதை ஒதுக்கினா அம்மாவே தர மாட்டாங்க."

நல்லது செய்கிறேன் என்று ஒருத்தி செய்ததில் ஒருவன் கழுத்து இப்படி மாட்டிக்கொள்ளுமா? டிஸ்மாஸுக்கு மின் அகேயோ மேல் கோபம் கோபமாக வந்தது. கோபப்படவும் முடியவில்லை, பாவம், எலும்பைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனவள்.

கம்பெனி வண்டி வந்து நின்றது. இறங்கியவர் ஒடிசலான அதிகாரி. வெள்ளை ரப்பர் பூட்ஸ், தலையில் பிளாஸ்டிக் தொப்பி. ஏரிக்காற்று அந்தத் தொப்பியைப் பறித்துக்கொண்டே இருந்தது, அவர் பிடித்துப் போட்டுக்கொண்டே இருந்தார். கரை முழுக்கக் கூட்டம் கூடியது. நடுவில் இரண்டு பலகை மேஜைகள். முள்ளுக்காரப் பெண்கள் தள்ளி, தங்கள் கடை வாசலிலேயே நின்றுகொண்டார்கள். மின் அகேயோ மட்டும் அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வேலை செய்வதை மாமியார் வெறித்துப் பார்க்கலாகாது.

முதல் மீன். ஒலாங் சுத்தமாக வெட்டினான், ஒரு குறை சொல்ல முடியாது. ஒகேச் செவுளுக்குப் பின்னால் குத்தினான். அதுவரைக்கும் சரி. முள்ளின் மேல் கத்தியைப் படுக்கவைத்து ஓட்ட ஆரம்பித்ததும் வந்தது வினை. விலா எலும்பு வளைகிறது, கத்தி வளைய மாட்டேன் என்கிறது. சதை ஒரு பக்கம் பிய்ந்தது, இன்னொரு பக்கம் முள்ளோடு கெட்டியாக ஒட்டிக்கொண்டது. நாய் குதறின மாதிரி இருக்கிறது என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. ஒகேச் சிரிப்பைக் காதில் வாங்காமல், உதட்டைக் கடித்துக்கொண்டு, மாமியார் கொடுத்த கத்தியாலேயே மீனை முடித்தான். அதிகாரி முள்ளைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கி, பின்னால் இருந்த தொட்டியில் போட்டார்.

மேடம் தொட்டிக்குப் போய் அந்த முள்ளை எடுத்தார். ஒரு தட்டில் வைத்துக்கொண்டு, தன் வழக்கமான நடையில், கூட்டத்தைச் சுற்றி மின் அகேயோவின் கடைக்கு நடந்தார். டிஸ்மாஸ் பின்னாலேயே ஓடினான்.

"அம்மா, பசிக்குது. இதைப் பொரிச்சுக் குடுங்க," என்றார்.

மின் அகேயோ தட்டை வாங்கினாள். அவள் பிழைப்பே முள்தான். பார்த்ததும் கை நின்றுவிட்டது. இரு பக்கமும் திருப்பினாள், விலாவில் தொங்கிய சதையை விரலால் நிமிண்டிப் பார்த்தாள்.

"அடேயப்பா, இவ்வளவு சதையை விட்டிருக்கானே. யாரு வெட்டினது? ஒலாங்கா?"

மேடம் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கென்ன தெரியும்? எனக்குப் பசி, அவ்வளவுதான்."

மின் அகேயோ தட்டைப் பார்த்தாள். பிறகு காலையில் வந்த முள்கள் குவிந்திருந்த கூடையைப் பார்த்தாள். கடவுள் கண் திறந்துவிட்டார் என்று அத்தனை பேரும் கொண்டாடிய கூடை. பிறகு கீரைப் பலகையில் கிடந்த மெல்லிசுக் கத்தியைப் பார்த்தாள். அதைக் கையில் எடுத்து, முனையைப் பலகையில் ஊன்றி அழுத்தினாள். அது வில்லாக வளைந்தது.

"நான் என் மக தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுட்டேன்," என்றாள்.

"இன்னும் ரெண்டு மீன் இருக்கு," என்றார் மேடம்.

அவள் முந்தானையை இழுத்துக் கட்டிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தாள். அந்தக் கரையில் அவள் குரலுக்கு நங்கூரம் தேவையில்லை, படகுகள் தானாக நின்றுவிடும். அந்தக் குரலில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, தன் தோழிகளைப் பார்த்துக் கத்தினாள்.

"அடியே, என் கீரை வெட்டற கத்தியை யாராவது பாத்தீங்களாடி? சந்தையில புதுசா வாங்கினேன். நேத்து முள்ளு எடுக்கப் போன இடத்துல மாத்தி வச்சுட்டு, யாரோ கத்தியைத் தூக்கிட்டு வந்துட்டேன் போல. வயசாச்சு, புத்தி மழுங்கிப் போச்சு."

பெண்கள் வாய் பிளந்தார்கள். மின் அகேயோ இதுவரைக்கும் ஒரு கரண்டியைக் கூட மறந்து வைத்தவள் இல்லை. டிஸ்மாஸ் மட்டும் மேடத்தைப் பார்த்தான். பரிசு கொடுத்தால்தானே மறுப்பதற்கு? கொடுக்கவே இல்லை என்று ஊர் முன்னால் தன்னைத் தானே மறதிக்காரி ஆக்கிக்கொண்டாள் அந்த அம்மா.

ஆனால் கத்தி போய்ச் சேர வேண்டுமே. அவள் அதை முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், பிடி வெளியே நீட்டியபடி. மாப்பிள்ளை இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டியே, பின்னோக்கி நடக்க ஆரம்பித்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. அங்கே ஒகேச்சும் பார்த்துவிட்டான். சட்டென்று ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டு, வலது கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் விரித்து நீட்டினான்.

பின்பார்வை இல்லாத இரண்டு பேர். நடுவில் படகுக் கயிறு, மீன் கூடை, பூட்ஸ் போட்ட அதிகாரி. டிஸ்மாஸ் ஒரு காலத்தில் மடாட்டு என்கிற ஷேர் வேனில் கண்டக்டராகத் தொங்கியவன். தன்னை அறியாமலேயே முன்னால் குதித்து, பக்கத்துக் கடையின் தகரச் சுவரைப் படபடவென்று தட்டினான்.

"வரட்டும்மா, வரட்டும். இடது பக்கம் ஒடிச்சுக்கங்க. கீழே கயிறு, காலைத் தூக்குங்க. வரட்டும், வரட்டும். சார், நீங்க கொஞ்சம் ஒதுங்குங்க, வண்டி ரிவர்ஸ்ல வருது."

அதிகாரி ஒதுங்கவில்லை. மின் அகேயோவின் பின்பக்கம் அவரைத் தொட்டியோரம் ஒதுக்கிவிட்டது. தொப்பி பறந்தது. அவர் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார்.

"இன்னும் ரெண்டடி. ஒகேச், கையைக் கொஞ்சம் இறக்கு. போதும். நிறுத்து."

முதுகும் முதுகுமாக இருவரும் நின்றார்கள். கை துழாவி, பிடியைத் தொட்டது. பழைய கத்தி இந்தப் பக்கம் வந்தது, புதுக்கத்தி அந்தப் பக்கம் போனது.

"டிஸ்மாஸ் அண்ணே," என்றான் ஒகேச், ஏரியைப் பார்த்தபடி. "அவங்ககிட்ட சொல்லுங்க. ரொம்ப நல்ல கத்தி. அதான் தொலையாம பத்திரமா வச்சிருந்தேன்னு சொல்லுங்க."

ஒரு சாண் தள்ளி நிற்கிறவளுக்கு டிஸ்மாஸ் அதை அப்படியே சொன்னான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

நடுவில் கத்தியை மாற்றலாமா என்று தொப்பியோடு திரும்பி வந்த அதிகாரி கேட்டார். இது ஒரு திருட்டுக் கேஸ் என்றும், இப்போதுதான் முடிந்தது என்றும், அவரவர் பொருள் அவரவரிடம் போய்ச் சேர்ந்ததில் கம்பெனிக்கு என்ன ஆட்சேபணை என்றும் அஜ்வாங் மேடம் சாவதானமாகக் கேட்டார். அதிகாரி மின் அகேயோவின் முதுகை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, முதல் மீன் இரண்டு பேருக்கும் கணக்கில் இல்லை என்றார்.

ஒகேச் இரண்டாவது மீனை இழுத்துப் போட்டான். கூட்டம் அடங்கிவிட்டது. அந்தக் கரையிலேயே அதைப் பார்க்க முடியாதவள் ஒருத்திதான், அவளும் மேஜைக்கு ஒரு சாண் பக்கத்தில், கடைகளைப் பார்த்தபடி, கையில் அந்த இரும்பு உலக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி," என்று கிசுகிசுத்தாள். "என்ன நடக்குது? சொல்லுப்பா."

டிஸ்மாஸ் கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டதைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டான்.

"செவுளுக்குப் பின்னால இறக்கிட்டாரும்மா. இப்ப கத்தியைப் படுக்க வைக்கிறாரு. விலா மேல ஏறுது. வளையுதும்மா, அழகா வளையுது. வால் வரைக்கும் ஒரே ஓட்டம். ஒரு பக்கம் வந்துடுச்சு. திருப்பிப் போடறாரு. அதுவும் வந்துடுச்சு."

"மூணாவது?"

"அதுவும் முடியப் போகுது. ஒலாங்கே தன் கத்தியைக் கீழ வச்சுட்டு வாயைப் பொளந்து பாக்கறான். அதிகாரி முள்ளைத் தூக்கி வெயில்ல பிடிக்கிறாரு."

"என்னப்பா சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லலை. இருங்க. ஒகேச் கையைப் பிடிச்சுக் குலுக்கறாரு. பேரு கேக்கறாரு. அம்மா, வேலை மாப்பிள்ளைக்குத்தான்."

மின் அகேயோ அசையவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"முள்ளுல ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமே இல்லம்மா. பூனை கூடத் திரும்பிப் பாக்காது."

அவள் எதிரே வரிசையாக நின்ற தோழிகளைப் பார்த்தாள். நாளையிலிருந்து இந்தக் கரையின் ஒவ்வொரு மீனையும் அந்தக் கைதான் வெட்டும். அவர்களுக்கும் அது புரிந்துவிட்டது; ஏழெட்டு முகங்களும் காலி எண்ணெய்ச் சட்டி போல இருந்தன.

"என்னடி முழிக்கிறீங்க?" என்றாள் மின் அகேயோ. "போய் நாளைக்கு விக்கறதுக்குப் பயறை ஊறப் போடுங்கடி."